யுத்தம் நாசமாய்ப் போக - ஒரு பிரெஞ்சுக் கிராமத்துச் சிலையின் கதை

பிரான்சில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மூன்று விசயங்கள் கட்டாயம் இருக்கும். ஒரு தேவாலயம், ஒரு மேரி (அதுதான் நகரசபைக் கட்டடம்), மூன்றாவதாக ஒரு நினைவுத்தூண். பாண் கடை பூட்டுப்பட்டிருக்கும். பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கும். தபால் கந்தோர் இல்லாமல் போயிருக்கும். ஆனால் அந்தத் தூண் மட்டும் நிற்கும். அதில் 1914 - 1918 என்று வெட்டி, கீழே பெயர்களை வரிசையாக எழுதியிருப்பார்கள்.

நாங்கள் கனபேர் இந்தத் தூண்களைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம். பஸ்சுக்குக் காத்து நிற்கும்போது சாய்ந்துகூட நின்றிருப்போம். யாரும் நின்று வாசித்ததில்லை. எனக்கும் ஒரு பத்து வருடம் அப்படித்தான் போனது. ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சரித்திரம் படித்து அரைகுறையில் விட்டவன் நான். மிச்சத்தைக் கோப்பை கழுவிக்கொண்டே படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. அந்தப் படிப்பில் ஒரு பாடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தத் தூண்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

முதலாம் உலக யுத்தத்தில் பிரான்ஸ் கிட்டத்தட்ட 14 இலட்சம் படையினரை இழந்தது. அப்போது நாட்டின் சனத்தொகை 4 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆறு இலட்சம் விதவைகள், பத்து இலட்சம் அளவில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று சரித்திரப் புத்தகங்கள் கணக்குச் சொல்கின்றன. கனபேரின் உடல் கிடைக்கவே இல்லை. கிடைத்தவையும் வடக்கிலும் கிழக்கிலும் எங்கோ தூரத்தில் புதைக்கப்பட்டிருந்தன. ஊரில் தாய்க்கும் பெண்சாதிக்கும் போய் அழுவதற்கு ஒரு கல் தேவைப்பட்டது. அதுதான் அடிப்படை.

1919 ஒக்ரோபர் 25ஆம் திகதி அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டுக்காக இறந்தவர்களை நினைவுகூரும் சட்டம். தூண் கட்டும் ஊர்களுக்கு அரசாங்கம் கொஞ்சக் காசு உதவியாகக் கொடுக்கும், மிச்சத்தை ஊர் சேர்க்கவேண்டும். அடுத்த ஐந்தாறு வருடங்களில் நாடு முழுக்கப் பல்லாயிரக்கணக்கில் கட்டினார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 36,000 இருக்கின்றன. அதாவது கிட்டத்தட்ட ஊருக்கு ஒன்று. நோர்மண்டியில் தியேர்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1870, 1914, 1939 மூன்று யுத்தங்களிலும் அந்த ஊரிலிருந்து போன எல்லோருமே உயிரோடு திரும்பி வந்தார்கள். அதனால் அங்கே தூண் இல்லை. முழு பிரான்சிலும் இப்படி ஒரே ஒரு ஊர் என்று அதைச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு ஊரில் ஆட்கள் சாகவில்லை என்பது அந்த ஊரின் புகழாகிவிட்டது!

இவ்வளவு சிலைகளையும் யார் செய்தது? அதுவும் ஒரு வியாபாரம்தான். இரும்பு வார்க்கும் கொம்பனிகள் படப்புத்தகம் அச்சடித்து மேரிகளுக்கு அனுப்பின. அதைப் பார்த்து இலக்கம் சொல்லி ஓடர் பண்ணலாம். ஒரு கையில் துவக்கு, மறு கையில் வெற்றி மாலையோடு நிற்கும் சிப்பாய் ஒன்று மிகவும் ஓடியது. எஜேன் பெனே என்ற சிற்பி செய்தது. அதே அச்சில் வார்த்த சிலை கிட்டத்தட்ட 900 ஊர்களில் நிற்கிறது. 'புவாலு' என்று அந்தச் சிப்பாய்களைச் சொல்வார்கள். தாடி மீசை வழிக்காதவன் என்று பொருள் எடுத்துக்கொள்ளலாம். பதுங்குகுழிக்குள் கிடந்தவன் எங்கே சவரம் செய்வது? ஆனால் சிலையில் அவன் உடுப்பு மடிப்புக் குலையாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். சேறு இல்லை, பேன் இல்லை, பயம் இல்லை.

இன்னொரு விசயம். எந்தத் தூணையும் ஊர் நினைத்தபடி கட்டிவிட முடியாது. மாகாண அதிகாரியின், அதாவது பிறெஃபேயின் அனுமதி வேண்டும். திட்டப்படம் அனுப்பவேண்டும். அரசாங்கத்துக்கு இறந்தவன் எப்படித் தெரியவேண்டும் என்று ஒரு விருப்பம் இருக்கும்தானே.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு நாங்கள் ஜொந்தியூ என்ற கிராமத்துக்குப் போவோம்.

பிரான்சின் நடுப்பகுதியில், லிமோஜ் நகரத்துக்குக் கிழக்கே கிறேஸ் என்றொரு மாவட்டம். அதன் தெற்கு மூலையில் மில்வாஷ் மேட்டுநிலம். குளிர் கூடின, கல்லும் காடும் நிறைந்த, விளைச்சல் குறைந்த இடம். அங்கேதான் ஜொந்தியூ இருக்கிறது. இன்றைக்கு நானூறு பேர் இருந்தாலே அதிகம்.

கிறேஸ் மாவட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது எங்கள் கதை மாதிரியே. நிலம் சோறு போடாததால் அந்த ஊர் ஆண்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கட்டட வேலைக்கு வெளியே போனார்கள். வசந்த காலம் தொடங்கப் புறப்பட்டு, ரயில் வருவதற்கு முன் நாட்கணக்கில் நடந்தே பாரிசுக்கும் லியோனுக்கும் போவார்கள். ஒரு அறையில் பத்துப் பேர் பன்னிரண்டு பேர் என்று படுத்து எழும்புவார்கள். பனி தொடங்க, சேர்த்த காசோடு ஊர் திரும்புவார்கள். பெண்கள்தான் வயலையும் மாட்டையும் பார்த்தார்கள். இன்றைக்கு நாங்கள் அண்ணாந்து பார்க்கும் பாரிசின் கல் மாளிகைகளில் கனக்க இவர்களின் கையால் எழும்பியவை. உண்டியலில் காசு அனுப்பிப் பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாரிஸ் இருபதாம் வட்டாரத்தில் மார்த்தன் நாதோ என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. முந்தி அந்தப் பெயரில் மெற்றோ நிலையமும் இருந்தது, 1969இல் கம்பெத்தா நிலையத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்த நாதோ கிறேஸ் மாவட்டத்துக் கொத்தனார். 1815இல் பிறந்தவர். பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, 1851இல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தபோது நாடுகடத்தப்பட்டு, இங்கிலாந்தில் வருடக்கணக்கில் அகதியாக இருந்தார். திரும்பி வந்து, வேலைத்தலத்தில் காயப்படும் தொழிலாளிக்கு நட்டஈடு வேண்டும் என்று விடாமல் கேட்டவர். 1898இல் அந்தச் சட்டம் வந்தது. குசினியில் கை வெட்டுப்பட்டால் 'அக்சிதோன் து திறவாய்' என்று பத்திரம் நிரப்புகிறோமே, அதன் வேரில் ஒரு அகதிக் கொத்தனார் இருக்கிறார்.

இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் 1914 ஓகஸ்ட்டில் ஆட்களைச் சண்டைக்குக் கூப்பிட்டார்கள். அறுவடைக் காலம். பிரெஞ்சுக் காலாட்படையில் பெரும்பகுதி கமக்காரர்கள். போகப்போக, ஆயுதம் செய்ய ஆள் வேண்டும் என்று தொழிற்சாலை வேலை தெரிந்தவர்களில் ஒரு பகுதியைப் பின்னுக்கு எடுத்தார்கள். மண்வெட்டி பிடித்தவனை யார் திருப்பி எடுப்பது? அவன் பதுங்குகுழியிலேயே இருந்தான். கிறேஸ் மாவட்டத்தில் 1911இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் சனம் இருந்தது. இன்றைக்கு ஒரு இலட்சத்துப் பதினைந்தாயிரம் அளவில்தான். எல்லாமே யுத்தத்தால் வந்தது என்று சொல்லமுடியாது, நகரத்துக்குப் போனவர்களும் கனபேர். ஆனால் அந்த வயதுப் பெடியளை இழந்த ஊர்கள் பிறகு நிமிரவே இல்லை.

ஜொந்தியூவுக்குப் பக்கத்து ஊர் றுவாயேர். அந்த ஊரவர் ஃபெலிக்ஸ் போதி. கொத்தனார், தொழிற்சங்கக்காரர். 63ஆவது காலாட்படைப் பிரிவில் இருந்தார். 1915 ஏப்ரலில் ஃபிளிறே என்ற இடத்தில், ஏற்கெனவே தாக்குதலில் அடிவாங்கிய கம்பனியைத் திரும்பவும் முன்னுக்குப் போகச் சொன்னார்கள். 'இந்த முறை எங்கட முறை இல்லை' என்று அவர்கள் குழியை விட்டு எழும்பவில்லை. முழுக் கம்பனியையும் சுட வேண்டும் என்று மேலிடத்தில் கொதித்தார்கள், பிறகு சில பேரைப் பொறுக்கி எடுத்து விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். போதியும் வேறு மூன்று பேரும் சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொழிற்சங்கத்தில் இருந்ததால்தான் போதியைப் பொறுக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1934இல் ஒரு விசேட நீதிமன்றம் அந்த நால்வரும் குற்றமற்றவர்கள் என்றது. பத்தொன்பது வருடம் கழித்து! இப்படி அந்த யுத்தத்தில் கீழ்ப்படியவில்லை என்று சொந்த இராணுவமே சுட்டவர்கள் 600க்கும் மேல். சுடப்பட்டவர்களின் பெயரைத் தூணில் போட விடமாட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து மன்னிப்பு இன்றுவரை வரவில்லை. 2022இல் தேசியசபை ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. 2023இல் செனற் அதை நிராகரித்துவிட்டது.

இதெல்லாம் நடந்த மண்ணில், 1922இல், ஜொந்தியூ ஊரவர்கள் தங்கள் தூணைக் கட்டினார்கள். அப்போது மேயராக இருந்தவர் ஜூல் கூத்தோ. அவரே யுத்தத்துக்குப் போய் நச்சுவாயு குடித்துத் திரும்பியவர்.

அவர்கள் படப்புத்தகத்துச் சிப்பாயை வாங்கவில்லை. சிப்பாயே இல்லை. ஒரு சின்னப் பெடியன் நிற்கிறான். பள்ளிக்கூடத்து மேலங்கி, காலில் மரச்செருப்பு. தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருக்கிறான், செத்த வீட்டில் நிற்பதுபோல. மற்றக் கையைத் தூணை நோக்கி நீட்டியிருக்கிறான். அந்தக் கை விரல் நீட்டிக் காட்டும் கை இல்லை, பொத்திப் பிடித்த கை. தூணில் ஊரில் செத்த ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள். கீழே ஒரு வரி: 'மோதித் சுவா லா கேர்.'

இதை எப்படித் தமிழில் சொல்வது? 'போர் சபிக்கப்படட்டும்' என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் அது மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அந்த வசனம் மேடையில் பேசுகிறவனுடையது இல்லை. எங்கட ஊரில் ஒரு கிழவி முற்றத்தில் நின்று மண் அள்ளித் தூற்றிக்கொண்டு சொல்லுவாவே, அந்தக் குரல்தான் சரி. யுத்தம் நாசமாய்ப் போக. அவ்வளவுதான்.

அந்தத் தூணில் யுத்தத்தை யார் தொடங்கினான், யார் வென்றான் என்று ஒன்றும் இல்லை. ஜேர்மன்காரனைத் திட்டவில்லை. வெற்றி மாலை இல்லை, சேவல் இல்லை, கொடி இல்லை. தகப்பனின் பெயரும் அதைப் பார்க்கும் பிள்ளையும் மட்டும். எங்களுடைய பழைய நடுகற்களில் வில்லோடோ வாளோடோ வீரன் நிற்பான், அவனுக்குப் படையல் வைப்பார்கள். அவன் பிள்ளை பிறகு எப்படி வளர்ந்தது என்று கல் சொல்லாது. உலகத்தில் பெரும்பாலான போர்ச் சிலைகள் அப்படித்தான், போனவனைக் காட்டும். ஜொந்தியூ சிலை மிஞ்சினவனைக் காட்டுகிறது.

அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? சிலையைத் திறந்துவைக்க அரசாங்கத் தரப்பில் ஒருவரும் வர மறுத்துவிட்டார்கள். பத்துப் பத்து வருடங்களாக உத்தியோகபூர்வத் திறப்புவிழா இல்லாமலே அது நின்றது. பக்கத்தில் லா கூர்த்தீன் என்ற பெரிய இராணுவ முகாம் இருக்கிறது. அங்கிருந்து அணிவகுத்துப் போகும் படையினருக்கு, அந்தச் சிலையைக் கடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பச் சொல்லிக் கட்டளை இருந்ததாக ஊரில் ஒரு கதை. அந்த முகாமுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரான்சுக்கு உதவியாக வந்த ரஷ்யப் படையினர் பத்தாயிரம் பேரளவில், 1917இல், 'இனிச் சண்டைபிடிக்க மாட்டோம், ஊருக்கு அனுப்புங்கோ' என்று அங்கே கிளர்ந்தார்கள். செப்ரெம்பரில் பீரங்கியால் அடித்துத்தான் அடக்கினார்கள். அந்தச் சத்தத்தைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் கேட்டிருக்கும். ஐந்து வருடம் கழித்து அந்த வரியைக் கல்லில் வெட்டியவர்கள் சும்மா வெட்டவில்லை.

காலம் மாறும்தானே. 1990இல் அதே அரசாங்கம் அந்தத் தூணைப் பாதுகாக்கப்பட்ட சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இப்போது வருடாவருடம் நவம்பர் 11 அன்று யுத்தத்துக்கு எதிரானவர்கள் நாட்டின் பல பக்கத்திலிருந்தும் அங்கே கூடுகிறார்கள். சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி கேட்கிறார்கள். முகத்தைத் திருப்பச் சொன்ன அரசாங்கம் இப்போது அதைச் சுற்றுலாப் புத்தகத்தில் போடுகிறது.

இது ஒன்றுதான் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஷேர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எக்கேர்திரவில் என்ற ஊரில், 1932இல் கட்டிய சிலையில் ஒரு விதவையும் இரண்டு பிள்ளைகளும் நிற்கிறார்கள். அங்கேயும் அதே சாபம்தான். லுவார் மாவட்டத்தில் சென் மார்த்தன் தெஸ்திறோ என்ற ஊரில் தூணைச் சுற்றி ஒரு கட்டுரையே எழுதிவைத்திருக்கிறார்கள். யுத்தத்தோடு சேர்த்து அதை உண்டாக்கியவர்களையும் சபிக்கிறார்கள். ஆனால் முப்பத்தாறாயிரத்தில் இவை மிகச் சில.

இதிலே ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் இந்தச் சிலையைப் பற்றிக் கதைத்தபோது அவர் சட்டென்று, "அது செத்தவர்களை அவமதிக்கிறது. அவர்கள் வீணாகச் செத்தார்கள் என்று சொல்கிறது" என்றார். அவருடைய தாத்தாவும் வேர்டனில் செத்தவர். சும்மா தட்டிவிடக்கூடிய கதை இல்லை அது. செத்தவனின் தாய்க்கு, 'உன்ர பிள்ளை எதுக்காகவோ செத்தான்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. அதையும் பறிக்கலாமா?

நான் யோசித்துப் பார்த்தேன். ஜொந்தியூ தூணில் பெயர்கள் இருக்கின்றன. ஒருவரையும் விடவில்லை. பெடியன் தொப்பியைக் கழற்றித்தான் நிற்கிறான், மரியாதை குறையவில்லை. அவன் சபிப்பது தகப்பனை இல்லை, தகப்பனைத் தின்றதை. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பதைத்தான் அந்த ஊர் கல்லில் எழுதியது. செத்தவனைக் கும்பிட்டால் யுத்தத்தையும் கும்பிடத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. இப்படி யுத்தத்தைச் சபித்துக்கொண்டிருந்ததால்தான் 1940இல் ஹிட்லரிடம் பிரான்ஸ் விழுந்தது என்பார்கள். நாடு முழுவதையும் பற்றி நான் வழக்காட வரவில்லை. ஆனால் அந்த மண்ணில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜேர்மனியருக்கு எதிரான காட்டுப் போராளிகள் மிகப் பலமாக இருந்த இடங்களில் லிமூசன் ஒன்று. ஜோர்ஜ் கன்குவன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் தலைமை தாங்கினார். ஜொந்தியூ இருக்கும் மேட்டுநிலமும் அந்தப் போராளிகளின் காடுதான். அதே லிமூசனில்தான் 1944 யூன் 10ஆம் திகதி ஒரடூர் கிராமத்தில் ஜேர்மன் எஸ்.எஸ் படை 643 பேரைக் கொன்றது. யுத்தத்தைச் சபித்த சனம்தான் அடிமையாக இருக்கவும் மறுத்தது. இது முரண்பாடு மாதிரித் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். யுத்தத்துக்குள் வாழ்ந்தவனைவிட யுத்தத்தை வெறுப்பவன் யார்?

தமிழருக்கும் இந்தத் தூண்களுக்கும் நேரடிச் சம்பந்தமும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில், கூபேர் அவெனியூவில், 1938இல் திறந்த பிரெஞ்சு யுத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் முதல் யுத்தத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியது. அதிலும் ஒரு சிப்பாய் துவக்கோடு நிற்கிறான், தலையைக் குனிந்தபடி. வருடாவருடம் யூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று சொல்வார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே தமிழாகிவிட்டது. லாச்சப்பலில் எங்களோடு மரக்கறி வாங்கும் பாண்டிச்சேரிக்காரர் சிலரின் தாத்தா பூட்டன் இப்படிப் போனவர்களாக இருப்பார்கள். புதுச்சேரித் தூணில் சாபம் இல்லை. இருந்திருந்தால் காலனி அரசு விட்டிருக்குமா?

கடைசியில் எனக்கு விளங்கியது இதுதான். இறந்தவனை எப்படி நினைப்பது என்பதில் எப்போதும் இரண்டு பேருக்கு இழுபறி. ஒன்று அவனை அனுப்பின ஆட்கள், மற்றது அவன் வராததால் வீட்டில் இருந்த ஆட்கள். அனுப்பினவர்களுக்கு நிமிர்ந்த சிப்பாய் வேண்டும், அடுத்தவனையும் அனுப்பவேண்டுமே. வீட்டில் இருந்தவர்களுக்கு அவன் பெயரும், அழ ஒரு இடமும் வேண்டும். முப்பத்தாறாயிரம் ஊர்களில் பெரும்பாலும் அனுப்பினவர்களின் விருப்பம்தான் கல்லானது. ஜொந்தியூவில் வீட்டில் இருந்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. செத்தவனுக்கு ஒரு விளக்கு வைக்கவும் அனுமதி கேட்கவேண்டிய இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதனால் அந்த ஊரவர்களின் பிடிவாதம் எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. திறப்புவிழா இல்லாவிட்டால் பரவாயில்லை, எங்கட வரி நிற்கட்டும் என்று இருந்துவிட்டார்கள் பாருங்கள்.

கிறேஸ் பக்கம் போக வசதி உள்ளவர்கள் ஒருமுறை போங்கள். லிமோஜ் வரை ரயில் இருக்கிறது, அதற்குப் பிறகு கார் இல்லாமல் கஷ்டம். போக வசதி இல்லாதவர்கள், அடுத்த நவம்பர் 11ஆம் திகதி (எங்கட ரெஸ்ரோரண்டுகளுக்கு அது லீவு இல்லை என்பது தெரியும்) வேலைக்குப் போகும் வழியில் உங்கள் ஊர்த் தூணில் இரண்டு நிமிடம் நின்று பெயர்களை வாசித்துப் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு தரம், மூன்று தரம் வரும். அண்ணன் தம்பிகள், சிலவேளை தகப்பனும் மகனும். வாசித்து முடிய, அந்த வீடுகளில் பிறகு யார் இருந்திருப்பார்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள்.